மாஸ்கோவில் அரங்கன் கண்ணா?

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் இந்த வருஷம் மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறாள். போன வாரம் அவளுடைய அம்மா இட்லி மாவுக்கு வந்த சாக்கில், "அக்கா, நீங்கதான் போய்ட்டு வந்தவங்களாச்சே! அங்க போனா என்னதான் பார்க்கிறது?" என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்ததுதான் மிச்சம். அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் போனது 2019 ஆகஸ்டில். என் மகள் அப்போது வோல்கா நதிக்கரையில் ஒரு ஊரில் மருத்துவம் இரண்டாம் வருஷம் முடித்திருந்தாள். லீவுக்கு ஊருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்களேன்" என்றாள். நான் கட்டி வந்த சீட்டு அந்த மாசம்தான் முடிந்தது. வீட்டுக்கு மேலே ஓர் அறை எடுக்கலாம் என்று வைத்திருந்த பணம். என் கணவர், "அறை எங்கே ஓடிடப் போகுது, பொண்ணைப் பார்த்துட்டு வருவோம்" என்றார். அவர் அப்படிச் சொல்லுகிற மனுஷர் இல்லை. அதனாலேயே மறுபேச்சு பேசாமல் கிளம்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் ஸ்ரீரங்கம் போனோம். என் பிறந்த வீடு அங்கேதான். அம்மாவுக்கு அப்போது எழுபது வயசு. ரஷ்யா என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாஸ்கோவா? அப்போ பெருமாள் கண்ணு அங்கதானே இருக்கு! பார்த்துட்டு வா" என்றுதான்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து உண்டு. ரங்கநாதர் விக்கிரகத்தின் கண்ணில் பெரிய வைரம் ஒன்று இருந்ததாம். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓடி வந்த சிப்பாய் ஒருவன் பக்தன் போல வேஷம் போட்டு, கோயிலிலேயே வருஷக்கணக்கில் தங்கி, ஒரு மழை ராத்திரியில் கண்ணைப் பெயர்த்துக்கொண்டு ஓடிவிட்டானாம். இரண்டாவது கண்ணைத் தொடப் பயந்துவிட்டான் என்று தாத்தா சொல்லுவார். சென்னைப்பட்டணத்தில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடம் 2,000 பவுனுக்கு விற்றான். அது கைமாறிக் கைமாறி ரஷ்ய ராணியிடம் போய்ச் சேர்ந்தது என்பது கதை. சின்ன வயசில் இதைக் கேட்கும்போதெல்லாம் சன்னதிக்குப் போய்ப் பெருமாள் முகத்தையே உற்றுப் பார்ப்பேன். அந்த இருட்டில் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை!

எனக்கு ரஷ்யா என்றால் வேறு ஞாபகம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான தாளைக் கிழித்துத்தான் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டின் மேல் ஒரு வருஷம் முழுக்க வெங்காயக் கோபுரங்களோடு ஒரு கோயில் இருந்தது. மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் அதே கோயிலை நேரில் பார்த்தபோது, கணக்கு டீச்சர் ஞாபகம்தான் முதலில் வந்தது.

முதலில் மாஸ்கோ. கிரெம்ளின் கோட்டைக்குள்ளே ஆயுதசாலை மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. பேர்தான் ஆயுதம், உள்ளே ராஜாக்களின் சிம்மாசனம், ரதம், கல்யாண உடுப்பு, நகை பதித்த முட்டைகள் என்று ஏகப்பட்டது. அதே கட்டிடத்தில் 'வைர நிதி' என்று தனியாக ஒரு பகுதி. அதற்கு டிக்கெட்டும் தனி. வியாழக்கிழமை கிரெம்ளினுக்கு லீவு. (நாங்கள் வியாழனன்று போய் நின்று திரும்பி வந்தோம். நீங்களாவது கிழமை பார்த்துப் போங்கள்!)

வைர நிதிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. குழுக்குழுவாகத்தான் விடுவார்கள். கைப்பை, குடை எல்லாவற்றையும் வாசலில் ஒப்படைக்க வேண்டும். உள்ளே விளக்கைக் குறைத்து வைத்து, கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மட்டும் வெளிச்சம் விட்டிருக்கிறார்கள். பூமியில் எடுத்தபடியே வைத்திருக்கிற தங்கக் கட்டிகள் இருக்கின்றன. யூரல் மலைப் பக்கம் 1842-ல் கிடைத்த ஒரு கட்டி சுமார் 36 கிலோ! என் கணவர் அங்கேயே நின்று பவுனுக்கு எத்தனை என்று வாய்க்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்தில் ராணி காதரீனுக்காக 1762-ல் செய்த கிரீடம். 4,936 வைரம் பதித்தது. உச்சியில் சிவப்பாக ஒரு கல். மாணிக்கம் என்றுதான் நினைத்தேன். அது ஸ்பினல் என்கிற வேறு கல்லாம். எடை 398.72 காரட். 5 காரட் ஒரு கிராம். அப்படியானால் அந்த ஒரு கல் மட்டும் ஏறக்குறைய பத்துப் பவுன் எடை!

அதற்கப்புறம் செங்கோல். அதன் தலையில்தான் அந்தக் கல் இருந்தது. 'ஓர்லோவ்' என்று பேர். 189.62 காரட், அதாவது நாலே முக்கால் பவுன் எடை. கோழி முட்டையைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்து வைத்தது போன்ற உருவம். மேலெல்லாம் வரிசை வரிசையாகப் பட்டை. நம் மூக்குத்தி வைரம் போலப் பளீர் பளீர் என்று கண்ணைப் பறிக்கவில்லை. லேசாக நீலப்பச்சை ஓடிய தெளிந்த தண்ணீர் மாதிரி சாந்தமாக இருந்தது. கிட்டப் போனேன். என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

"அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க, கையை எடுங்க" என்றாள் மகள். இரண்டு வருஷத்தில் என்னிடம் இப்படி ஒரு குரலில் பேசப் பழகியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் காவலுக்கு இருந்த அம்மாள் எழுந்து வந்துவிட்டார். ஐம்பத்தைந்து அறுபது வயசிருக்கும். மகள் முகம் சிவக்க ரஷ்ய மொழியில் என்னமோ விளக்கினாள். அந்த அம்மாள் என் புடவையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், செங்கோலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பி நின்றுகொண்டார். குழு அடுத்த பெட்டிக்கு நகர்ந்த பிறகும் என்னை விரட்டவில்லை. இரண்டு நிமிஷமாவது தனியாக நின்றிருப்பேன்.

"அவங்ககிட்ட என்னடி சொன்னே?" என்று பிறகு கேட்டேன். "இது எங்க பாட்டி ஊர்ச் சாமியோட கண்ணுன்னு எங்கம்மா நம்புறாங்கன்னு சொன்னேன்" என்றாள்.

'நம்புறாங்க' என்ற வார்த்தைதான் என்னை உறுத்தியது. அப்போது இவள் நம்பவில்லையா? அன்று ராத்திரி விடுதியில் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். விளக்கம் சொன்னவர் பேசியதையும், தான் படித்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

கல் நம் நாட்டுக் கல்தான். கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஓர்லோவ் பிரபு இதை ஓர் ஆர்மீனிய வியாபாரியிடமிருந்து வாங்கி 1773-ல் ராணி காதரீனுக்குக் கொடுத்தார் என்பதும் உறுதி. அதற்கு முந்தின கதைதான் இரண்டாகப் பிரிகிறது. ஸ்ரீரங்கம் கதை ஒன்று. மற்றது, இது 'மகா மொகல்' என்ற வைரமே என்பது. 1665-ல் தவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி ஔரங்கசீப்பின் கஜானாவில் ஒரு பெரிய வைரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துப் படமும் வரைந்து வைத்தார். அதுவும் பாதி முட்டை போலத்தான் இருந்ததாம். 1739-ல் நாதிர்ஷா டில்லியைக் கொள்ளையடித்தபோது பாரசீகம் போய், அங்கிருந்து வியாபாரிகள் கைக்கு வந்திருக்கலாம் என்று ரத்தினம் அறிந்த பலர் கருதுகிறார்கள். ஸ்ரீரங்கத்துக்குச் சாதகமாகப் பேச வேண்டுமானால், 1752-ல் பிரெஞ்சுப் பட்டாளம் ஸ்ரீரங்கம் தீவிலேயே முகாம் போட்டு, ஆங்கிலேயரிடம் சரணடைந்தது நிஜம். ஆனால் கண்ணைத் திருடிய சிப்பாயின் பேர் ஊர் எதற்கும் ஆதாரம் இல்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. மூலவர் சுதையால் ஆனவர். அதனால்தான் அவருக்கு அபிஷேகம் கிடையாது, தைலக்காப்புத்தான். அப்படிப்பட்ட திருமேனியில் இத்தனை பெரிய கல்லை எப்படிப் பதித்திருப்பார்கள்? இதைக் கேட்டதும் மகள், "பாருங்க, நீங்களே கேள்வி கேட்கிறீங்க" என்று சிரித்தாள். போன இடத்தில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

அதே அறையில் இன்னொரு கல்லையும் தவறவிடாதீர்கள். 'ஷா' வைரம், 88.7 காரட். இதன் கதையில் சந்தேகத்துக்கே இடமில்லை. கல்லே சொல்லுகிறது! அகமதுநகர் சுல்தான், ஷாஜகான், பாரசீக மன்னர் ஃபத் அலி ஷா என்று மூன்று பேருடைய பெயரும் அதில் செதுக்கியிருக்கிறது. நூல் கட்டித் தொங்கவிட ஒரு பள்ளமும் உண்டு. 1829-ல் டெஹ்ரானில் ரஷ்யத் தூதர் கிரிபோயெதவ் கொல்லப்பட்டார். அதற்குச் சமாதானமாகப் பாரசீகத்திலிருந்து இந்தக் கல்லை அனுப்பினார்கள். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

மாஸ்கோவில் திரெத்யகோவ் சித்திரசாலையும் பார்த்தோம். பாவெல் திரெத்யகோவ் என்ற ஜவுளி வியாபாரி வாழ்நாளெல்லாம் படம் படமாக வாங்கிச் சேர்த்து, 1892-ல் ஊருக்கே எழுதி வைத்துவிட்டார். அங்கே வெரெஷ்சாகின் என்ற ஓவியர் 1870-களில் நம் நாட்டுக்கு வந்து வரைந்த தாஜ்மகால் இருக்கிறது. ஆக்ராவை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை; மாஸ்கோவில் பார்த்தேன்!

அங்கிருந்து ரயிலில் பீட்டர்ஸ்பர்க். நாலு மணி நேரப் பயணம். ஹெர்மிடாஜ் மியூசியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். 1764-ல் அதே காதரீன் ராணி ஆரம்பித்தது. சுமார் முப்பது லட்சம் பொருள். ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திங்கட்கிழமை லீவு. தங்க மயில் ஒன்று தோகை விரித்துச் சுற்றுகிற பழைய கடிகாரம் இருக்கிறது. நாங்கள் போனபோது அது ஓடவில்லை, பக்கத்தில் டி.வி.யில் ஓடுவதைக் காட்டினார்கள். நிலவறையில் எலி பிடிக்கப் பூனைகள் வளர்க்கிறார்கள். இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலான வழக்கமாம்.

மூன்று மணி நேரம் நடந்ததும் எனக்கு முட்டி வலி பொறுக்கவில்லை. அப்போது நின்ற இடம், ரெம்பிராண்ட் என்ற ஓவியர் வரைந்த ஒரு பெரிய படத்தின் எதிரில். வீட்டை விட்டு ஓடிப்போய் எல்லாம் இழந்து திரும்பி வந்த மகன் அப்பாவின் காலடியில் மண்டியிட்டிருக்கிறான். கிழவர் இரண்டு கையையும் அவன் முதுகில் வைத்திருக்கிறார். பிள்ளையின் செருப்பு தேய்ந்து பாதம் தெரிகிறது. பைபிள் கதை என்று மகள் சொன்னாள். என் கணவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அந்த அறைக்குக் காவல் ஒரு பாட்டி. அங்கே எல்லா மியூசியத்திலும் அறைக்கு ஒருவராக இப்படிப் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். படத்துக்கு ரொம்பக் கிட்டப் போனால் ஓர் அதட்டல்! நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "இந்தியா? ராஜ் கபூர்!" என்றார். மகள் மொழிபெயர்க்க, கொஞ்ச நேரம் பேசினோம். லெனின்கிராட் முற்றுகையைப் பற்றி அவர் சொன்னார். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மானியர்கள் ஊரை வளைத்துப் பட்டினி போட்ட காலம். அதற்கு முன்பே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை ரயிலேற்றி யூரலுக்கு அனுப்பிவிட்டார்கள். படங்களை எடுத்துவிட்டுச் சட்டங்களை மட்டும் சுவரில் மாட்டியபடியே விட்டு வைத்தார்கள், திரும்பி வரும் என்று. அந்தச் சமயத்தில் இங்கே வேலை பார்த்த ஒருவர், உதவிக்கு வந்த பட்டாளத்துப் பிள்ளைகளை அழைத்துப் போய், வெறும் சட்டத்தைக் காட்டி "இங்கே இன்ன படம், இன்ன நிறம்" என்று ஞாபகத்திலிருந்தே சொன்னாராம்.

"உங்க ஊர்ல மியூசியம் இருக்கா?" என்று அந்தப் பாட்டி கேட்டார். இருக்கிறது என்றேன். என்ன இருக்கிறது என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. சென்னையில் பழைய ஆட்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்லுவார்கள். உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்கு, எங்கள் வீட்டுப் பக்கத்துக்கே வந்துவிட்டது. செத்த காலேஜ் எழும்பூரில், ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1851-லிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது திமிங்கில எலும்புக்கூடு பார்த்ததோடு சரி. (ஊருக்கு வந்த பத்தாம் நாள் போய்விட்டேன். திருவாலங்காட்டு நடராஜர் முன் அரை மணி நேரம் நின்றேன். நாற்காலி கொடுக்கத்தான் ஆள் இல்லை!)

கடைசியாகக் குன்ஸ்ட்காமெரா. மகா பீட்டர் 1714-ல் தொடங்கிய மியூசியம். மகள் ஆசைப்பட்டுக் கூட்டிப் போனாள். முழுகாமல் இருக்கிற பெண்களையும் சின்னக் குழந்தைகளையும் அங்கே ஒரு கூடத்துக்குள் அழைத்துப் போகாதீர்கள். உருக்கோணிப் பிறந்த சிசுக்களை ஜாடிகளில் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகளோ ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். "அம்மா, இதையெல்லாம் பேயோட வேலைன்னு ஜனங்க பயந்து ஒளிச்சாங்க. அப்படி இல்லை, இது இயற்கைதான்னு பீட்டர் 1718-லயே உத்தரவு போட்டார்" என்றாள். கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று எங்கள் தெருவில் ஒரு பெண்ணை மாமியார் இன்றைக்கும் குத்திக் காட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். முன்னூறு வருஷம் ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஜாடிகளுக்கு நடுவே நின்ற என் மகள், ஒரு டாக்டராகத்தான் எனக்குத் தெரிந்தாள்.

அதே மியூசியத்தில் நம் பக்கத்துப் பொருள்களும் இருக்கின்றன. மெர்வார்த் என்ற தம்பதி 1914-ல் இலங்கைக்கு வந்து, பிறகு தென்னிந்தியாவிலும் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்தவை அதில் நிறைய. 1918-ல்தான் ரஷ்யா திரும்பினார்கள். கணவர் அலெக்சாந்தர் மெர்வார்த் நம் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கணமே எழுதினார், 1929-ல் வெளிவந்தது. மறு வருஷமே அவரைக் கைது செய்தார்கள். 1932-ல் கைதிகள் முகாமில் இறந்துபோனார். வைரம் இருக்கும் இடத்தில் வரிசை நின்றது. இங்கே எங்கள் மூன்று பேரைத் தவிர ஈ காக்கை இல்லை.

சாப்பாட்டைப் பற்றி என் பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை கேட்டாள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கிரேச்கா என்று ஒரு தானியம், நம் கோதுமை ரவைச் சாதம் மாதிரி வெந்திருக்கும். பருப்புப்பொடி போட்டுப் பிசைந்தால் தேவாமிர்தம். கெஃபீர் என்று விற்பது நம் மோருக்குச் சித்தி மகள். பிளினி மெல்லிய தோசை. போர்ஷ் சூப்பில் பீட்ரூட்டோடு மாட்டிறைச்சி போடுவது வழக்கம்; கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு மியூசியம் போதும். புதுச் செருப்பு ஆகவே ஆகாது. இப்போது போகிறவர்களுக்கு இன்னொன்று: 2022 மார்ச்சிலிருந்து நம் ஊர் விசா, மாஸ்டர் கார்டுகள் அங்கே வேலை செய்வதில்லை. பணமாகக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டிலிருந்து நம் நாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டர் மூலமே நுழைவு அனுமதி வாங்கலாம். எங்கள் காலத்தில் அதற்கு டிராவல்ஸுக்கு நாலு நடை நடந்தோம்.

திரும்பி வந்த மூன்றாம் நாளே ஸ்ரீரங்கம் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. அம்மாவிடம் என்ன சொல்லுவது? பெருமாள் கண்ணைப் பார்த்தேன் என்றால் அம்மா மனசு குளிரும். பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. கடைசியில் மகள் எனக்குச் சொன்ன மாதிரியே இரண்டு கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். டில்லி, நாதிர்ஷா, தவர்னியே, சுதை, எல்லாவற்றையும்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அந்தக் காலத்துல துலுக்கப் படையெடுப்புக்குப் பயந்து உற்சவரே ஊர் ஊராச் சுத்திட்டு, 1371-லதான் திரும்பி வந்தாராம். எது எங்க போச்சு, எது எங்க வந்ததுன்னு யாருடி கண்டா" என்றாள். அப்புறம், "நீ பார்த்தியே, கும்பிட்டியா?" என்று கேட்டாள்.

"கும்பிட்டேன்மா."

"பேத்தி?"

"அவ காவக்காரம்மாகிட்ட எனக்காகப் பேசிக்கிட்டிருந்தா."

அம்மா நாரைப் பல்லால் அறுத்து முடிச்சுப் போட்டாள். "அங்க விளக்காவது இருக்கா?"

"இருக்கும்மா. பல்பு."

"சரி, இருட்டுல இல்லைல்ல" என்று அடுத்த மல்லிகையை எடுத்தாள்.